சுங்கை சிப்புட்டிலிருந்து தலைநகருக்கு: கோலாலம்பூரை முதன்முறையாகச் சுற்றிப் பார்க்கும் முறை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் கோலாலம்பூருக்குப் போயிருப்பார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ, பிள்ளையின் பல்கலைக்கழகப் பதிவுக்கோ, தைப்பூசத்துக்கோ போய், மண்டபத்தையும் பேருந்து நிலையத்தையும் பத்துமலைப் படிகளையும் மட்டும் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பியிருப்பார்கள். என் தாயாரும் அப்படித்தான். தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய அவர் தலைநகருக்கு எத்தனையோ முறை போனவர். ஆனாலும் ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை அழைத்துப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "அங்கே பார்க்க என்ன இருக்கிறது, கட்டடம்தானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இரண்டு நாள்களில் கிடைத்த விடையைத்தான் இங்கே வழிகாட்டியாக எழுதுகிறேன். அதற்குப் பிறகு உறவினர்களையும் மாணவர்களையும் அதே வழியில் அழைத்துப் போய், எது நன்றாக அமைகிறது, எது களைப்பை மட்டும் தருகிறது என்பதையும் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதன்முறை போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தில் தொடங்கக் கூடாது. அங்கே தொடங்கினால் அதன்பின் பார்ப்பதெல்லாம் சிறியதாகவும் பழையதாகவும் தோன்றும்; பிற்பகலுக்குள் பேரங்காடி ஒன்றில் உட்கார்ந்துவிடத் தோன்றும். ஆறுகள் கூடும் இடத்தில் காலையில் தொடங்கி, பழைய தெருக்களில் நடந்து, கோபுரத்தை மாலைக்கென்று வைத்துக்கொண்டால், ஈயச் சுரங்கத்துக்கு ஆள் இறங்கிய ஒரு சேற்றங்கரை எப்படி இவ்வளவு பெரிய நகரமாயிற்று என்பது வரிசையாகப் புரியும். அதில் நம் தோட்டத்து மக்களின் பங்கு எங்கெங்கே தெரிகிறது என்பதும் புரியும்.

கிளம்புவதற்கு முன்

ஓர் இரவு தங்கி இரண்டு முழு நாள்கள் பார்ப்பதே முதல் பயணத்துக்குச் சரியான அளவு. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாமல் இல்லை. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலில் போவதற்கே ஏறத்தாழ மூன்று மணி நேரமாகிறது, திரும்புவதற்கும் அவ்வளவே ஆகும் என்பதால், மிஞ்சுகிற நேரத்தில் ஓட்டமும் நடையுமாக எதையும் மனத்தில் வாங்க முடியாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இரட்டைக் கோபுரத்தின் மேல்தளங்களுக்குத் திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களில் தொழுகை நடப்பதால் பார்வையாளர்கள் உள்ளே போக முடியாது. பள்ளி விடுமுறையில் எல்லா இடங்களிலும் வரிசை நீளும். ஆகவே செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களில் இரண்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. தைப்பூசத்தோடு சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது வழிபாட்டுக்குரிய நாள். அன்று நகரைச் சுற்றிப் பார்க்க இடமிராது.

மழையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலாலம்பூரிலும் காலையில் வெயில் அடித்து, பிற்பகல் மூன்று நான்கு மணிவாக்கில் இடியோடு கொட்டுவதே வழக்கம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது இன்னும் உறுதி. ஆகையால் நடக்க வேண்டிய இடங்களைக் காலையிலும், கூரைக்கு அடியில் இருக்க வேண்டிய இடங்களைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலை அணிவகுப்புக்கு) எழுந்து பழகிய கால்களுக்கு இந்த ஒழுங்கு மிகவும் ஒத்துப்போகும். நகரத்து மக்கள் எழுந்து வருவதற்குள் நாம் பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. மைகார்டு என்ற அடையாள அட்டையை மறக்கக் கூடாது, ஏனென்றால் பல இடங்களில் மலேசியருக்குக் கட்டணம் குறைவு, அட்டையைக் காட்டினால்தான் அந்தக் கட்டணம் கிடைக்கும். டச் அண்ட் கோ பயண அட்டையில் போதுமான பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், கொமுட்டர் ஆகிய நகர ரயில்கள் அனைத்திலும் அதைத் தட்டியே போய்வரலாம். குடை, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஆகியவை அவசியம். ஒரே நாளில் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போக இருக்கிறோம்.

ரயிலும் தங்குமிடமும்

பேருந்தைவிட இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலையே நான் பரிந்துரைப்பேன். எல்லா ரயில்களும் நம் ஊரில் நிற்பதில்லை என்பதால், நிற்கும் ரயிலைப் பார்த்து முன்னதாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் இருக்கைகள் வாரக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு, சுங்காய், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று வழியெல்லாம் ஈயமும் ரப்பரும் உண்டாக்கிய ஊர்களே வரும். பால்மரம் நின்ற இடங்களில் இப்போது எண்ணெய்ப்பனை நிற்பதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே என் தாயார் வந்தார்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, அதை ஒட்டியே இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் தங்குங்கள். எளிய விடுதிகள் அங்கு நிறைய இருக்கின்றன. நகரின் எந்தப் பக்கத்துக்கும் ரயில் அங்கிருந்தே கிளம்புகிறது. பசித்தால் நம் சாப்பாடு நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது. வழி கேட்பதற்குத் தமிழ் போதும். விலை குறைவென்று தொலைவில் அறை எடுப்பவர்கள், மிச்சம் பிடித்ததைக் கிராப் வாடகை வண்டிக்குக் கொடுத்துவிடுவதையே பார்த்திருக்கிறேன்.

கூடுதுறையில் தொடங்கும் காலை

பையை விடுதியில் வைத்துவிட்டு, சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டியில் ஏறுங்கள். முதல் நிறுத்தம் பசார் செனி, இரண்டாவது மஸ்ஜித் ஜாமெக். இரண்டாவதில் இறங்கிச் சில அடிகள் நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் ஒன்று சேரும் முனை தெரியும். 'கோலா' என்றால் ஆறு கூடும் இடம், 'லும்பூர்' என்றால் சேறு. நம் மொழியில் சொல்வதானால் இந்த மாநகரத்தின் பெயர் சேற்றுக் கூடுதுறை. நத்தையின் பெயரைத் தாங்கிய ஆற்றங்கரை ஊரிலிருந்து வரும் நமக்கு, ஆற்றின் பெயரால் ஓர் ஊர் அழைக்கப்படுவதில் வியப்பில்லை. 1857-இல் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே படகில் வந்து இந்த முனையில் இறங்கி, அம்பாங் காட்டுக்கு நடந்து போய் ஈயம் தோண்டினார்கள். அவர்களுக்கு அரிசியும் கருவிகளும் விற்க இந்தக் கரையில் எழுந்த கடைகளே நகரத்தின் தொடக்கம். கரையில் சற்று நேரம் நின்று இதை உடன் வருபவர்களுக்குச் சொல்லுங்கள். அதன்பின் பார்க்கும் ஒவ்வொன்றும் இந்த முனையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அவர்களே கணக்கிடத் தொடங்குவார்கள்.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் தென்னைகளின் நிழலில் நிற்பது மஸ்ஜித் ஜாமெக். 1909-இல் திறக்கப்பட்ட இந்தப் பள்ளிவாசலை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர். வட இந்திய முகலாயக் கட்டடங்களின் வளைவுகளும் குமிழ் மாடங்களும் அதில் தெரியும். 1965-இல் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்படும் வரை நகரத்தின் முதன்மைப் பள்ளிவாசலாக இதுவே இருந்தது. தொழுகை இல்லாத நேரங்களில் பார்வையாளர்கள் உள்ளே போகலாம். உடையை மூடிக்கொள்ள அங்கி தருவார்கள். உள்ளே தரை குளிர்ச்சியாக இருக்கும், ஆற்றுக் காற்றும் வரும். அவசரப்படாமல் உட்காருங்கள்.

பாலத்தைக் கடந்தால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் அதற்கு எதிரே மெர்டேக்கா சதுக்கமும் இருக்கின்றன. 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் மணிக்கூண்டு 41 மீட்டர் உயரம். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டு நம் கொடி ஏற்றப்பட்டது இந்தத் திடலில்தான். மறுநாள் காலை முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் விடுதலையைப் பிரகடனம் செய்தது மெர்டேக்கா அரங்கத்தில். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால், மாணவர்களோடு போகும்போது இதைத் தனியாகச் சொல்வது என் வழக்கம். அரங்கத்துக்குப் பக்கத்தில் இப்போது 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது. உலகின் இரண்டாவது உயரமான அந்தக் கட்டடம், நடக்கும் வழியெங்கும் தலைக்கு மேல் தெரிந்துகொண்டே இருக்கும்.

மீண்டும் ஆற்றைக் கடந்து கிழக்குப் பக்கம் வாருங்கள். மேடான் பசார் என்ற சிறு சதுக்கத்தில்தான் நகரின் பழைய சந்தை இருந்தது. சீனர் தலைவராகிய கப்பித்தான் யாப் ஆ லோய் அதை நடத்தினார். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரத்தாலும் அத்தாப்புக் கீற்றாலும் ஆன ஊரை அழித்தன. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டியாக வேண்டும் என்று விதி வந்தது; செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. இரவு நீங்கள் தூங்கப்போகும் இடத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

சதுக்கத்தை அடுத்துச் செல்வது லெபோ அம்பாங். நம் பெரியவர்கள் இதைச் செட்டித் தெரு என்பார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கே கிட்டங்கிகள் என்ற வட்டிக்கடைகள் வைத்து, ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் கொடுத்தார்கள். கீழே பெட்டகமும் மேலே தங்குமிடமுமாக இருந்த பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தம் தந்தையார் ஒரு காலத்தில் வேலை செய்த செட்டியார் தோட்டத்தைப் பற்றி என் தாயார் பேசத் தொடங்கியது இந்தத் தெருவில்தான். அதுவரை நான் கேட்டிராத செய்தி அது. வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தத் தெருவுக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து தெற்கே ஜாலான் துன் எச்.எஸ். லீயில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் வரும். 1873-இல் தம்புசாமி பிள்ளை நிறுவிய இந்தக் கோவில், 1885-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. இன்றைய கட்டடத்தின் ஐந்து நிலைக் கோபுரம் ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளித் தேர் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். ஆகவே நாளை காலை பத்துமலைக்குப் போக இருப்பவர்கள் இன்று இங்கே வணங்கிவிட்டுப் போவது முறையாகவும் பொருத்தமாகவும் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் சற்றுத் தள்ளி சீனர்களின் குவான் டி கோவில் இருக்கிறது. அங்கும் யாரும் தடுப்பதில்லை. ஊதுபத்தி மணத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

பெட்டாலிங் தெருவை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். பொருள் வாங்க வேண்டுமானால், 1937-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்கும் பசார் செனி கைவினைச் சந்தையில் வாங்குங்கள். நடந்து நடந்து அதற்குள் நண்பகல் ஆகியிருக்கும். எல்ஆர்டி நிலையமும் பக்கத்திலேயே இருக்கும்.

பிற்பகல்: அருங்காட்சியகமும் தேசிய நினைவுச்சின்னமும்

பிற்பகல் மழைக்குத் தேசிய அருங்காட்சியகமே புகலிடம். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகவே எம்ஆர்டி நிலையத்தை அடைந்து அங்கிருந்து போய்விடலாம். 1963 ஆகஸ்டு 31-ஆம் நாள் திறக்கப்பட்ட இதில் நான்கு கூடங்கள் இருக்கின்றன. நான்கையும் ஒரே கவனத்தோடு பார்க்க முயன்றால் களைத்துப்போவீர்கள். முதல் இரண்டையும் மெதுவாகக் கடந்து, குடியேற்ற ஆட்சிக் காலத்தைச் சொல்லும் மூன்றாவது கூடத்தில் நேரத்தைச் செலவிடுங்கள். ஈயமும் ரப்பரும் இந்த நாட்டை என்ன செய்தன என்பதை அங்கே தொடர்ச்சியாகக் காணலாம். நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிவிட்டு இந்தக் கூடத்துக்கு அழைத்து வந்தால், அவர்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன்.

மழை விட்டதும் கிராப் வண்டியில் தேசிய நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். ரயில் அங்கே போவதில்லை. நகரத்தைப் பற்றிய பல வழிகாட்டிகள் இதை ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது என்பேன். ஏழு வீரர்களின் உருவங்களைக் கொண்ட, 15 மீட்டருக்கும் சற்று உயர்ந்த இந்த வெண்கலச் சிலைத் தொகுதி 1966-இல் திறந்து வைக்கப்பட்டது. சிற்பி ஃபெலிக்ஸ் டி வெல்டன். இரண்டாம் உலகப் போரிலும், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்திலும் உயிர் நீத்தவர்களுக்கான நினைவு இது. அந்த அவசரகாலம் தொடங்கியது நம் ஊரில். 1948 ஜூன் 16-ஆம் நாள் காலை, எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. முள்வேலிக்குள் அடைபட்ட லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி என்று நம் பாட்டன் பாட்டிகள் சொன்ன கதைகளெல்லாம் அந்தக் காலத்தவையே. சிலையின் முன்னால் நின்றபோது என் தாயார் நெடுநேரம் பேசவில்லை. தாம் குழந்தையாக இருந்தபோது வேலி வாசலில் நடந்த சோதனையைப் பற்றி அவருடைய தாய் சொன்னதைப் பிறகு சொன்னார். ஆகவே இங்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், உங்கள் வீட்டில் கேட்ட கதைகளை உடன் வரும் இளையவர்களுக்குச் சொல்லுங்கள். அருகிலேயே பெர்டானா தாவரவியல் பூங்கா இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் அங்குள்ள பறவைப் பூங்காவுக்கு மறுமுறை தனியாக வரலாம். இன்றைக்கு இதற்கு மேல் கால் தாங்காது.

மாலை: கோபுரங்கள்

இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு எல்ஆர்டியில் கேஎல்சிசி நிலையத்தில் போய் இறங்குங்கள். 451.9 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. முன்பு இங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 41-ஆம் மாடியில் உள்ள வான்பாலத்துக்கும் 86-ஆம் மாடிக்கும் போக விரும்பினால், இணையத்தில் முன்கூட்டியே நேரம் குறித்துச் சீட்டு எடுத்துவிட வேண்டும். அன்றன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காமல் திரும்ப நேரலாம். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்தச் செலவு கணிசமானது. மேலே போயே ஆக வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. கீழே பூங்காவில் உட்கார்ந்து, நீரூற்றுக்குப் பின்னால் இரண்டு கோபுரங்களிலும் விளக்கு ஏறுவதைப் பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. என் தாயாருக்கு அதுவே போதுமாக இருந்தது. உயரத்திலிருந்து நகரைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், புக்கிட் நானாஸ் காட்டுக்குன்றின் மேல் நிற்கும் 421 மீட்டர் கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து பாருங்கள். அங்கிருந்தால் இரட்டைக் கோபுரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கால் ஒத்துழைத்தால் இன்னும் பத்து நிமிடம் நடந்து சலோமா பாலத்துக்குப் போகலாம். 2020-இல் திறக்கப்பட்ட 69 மீட்டர் நீளமுள்ள அந்த நடைபாலத்தை, மலாய்த் திருமணத்தில் வைக்கப்படும் வெற்றிலை அடுக்கின் வடிவில் அமைத்திருக்கிறார்கள். வெற்றிலைத் தட்டு இல்லாமல் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காத நமக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. பாலத்தின் மறுபக்கம் கம்போங் பாரு. நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, அங்குள்ள எல்ஆர்டி நிலையத்திலேயே ஏறி விடுதிக்குத் திரும்பலாம்.

இரண்டாம் நாள் விடியலில் பத்துமலை

தைப்பூசத்தில் மட்டுமே பத்துமலையைப் பார்த்தவர்கள் அந்த மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டத்தின் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். சாதாரண நாளின் விடியற்காலையில் போனால்தான் சுண்ணாம்புப் பாறையின் உயரமும், குகைக் கூரையின் திறப்பு வழியே இறங்கும் வெளிச்சமும், சொட்டும் நீரின் ஓசையும் புலப்படும். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேரே போகிறது. பத்துமலையே அந்தத் தடத்தின் கடைசி நிலையம். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதால், முதல் நாள் இரவே நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் கண்ணில் படுவது பச்சை நிற அனுமன் சிலை. அதை ஒட்டி இராமாயணக் குகை. அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்குள் 272 படிகளையும் ஏறி முடித்துவிடுங்கள். படிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். 2006 சனவரியில் திறக்கப்பட்டது. 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் எஃகும் தாய்லாந்திலிருந்து வரவழைத்த 300 லிட்டர் பொன்வண்ணப் பூச்சும் அதற்குச் செலவாயின. படிகளுக்கு இப்போதிருக்கும் பல வண்ணங்கள் 2018-இல் வந்தவை. இங்கே தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்படுகிறது. நேற்று நாம் பார்த்த மாரியம்மன் ஆலயத்தை நிறுவிய அதே தம்புசாமி பிள்ளையே, வேல் வடிவில் தோன்றிய குகை வாயிலைக் கண்டு இதை முருகன் தலமாக்கியவர்.

குரங்குகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் உணவென்று நினைத்துப் பறிக்கும்; பழத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் தோள்பைக்குள் மூடி வையுங்கள். மூட்டு வலி உள்ளவர்களை ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அடிவாரத்திலும் கோவில்கள் இருக்கின்றன, சைவ உணவகங்களும் இருக்கின்றன. என் தாயார் பாதிப் படியில் உட்கார்ந்து, இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். பயணத்திலேயே நல்ல அரை மணி நேரம் அதுதான்.

பிரிக்பீல்ட்ஸ்: திரும்புவதற்கு முன்

காலை பத்து மணிக்குள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிடலாம். அறையைக் காலி செய்து, பையை விடுதியின் முகப்பில் ஒப்படைத்துவிட்டு, கடைசிச் சில மணி நேரத்தை இந்தத் தெருக்களுக்கே கொடுங்கள். ரயில்வேயில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் குடியமர்ந்த பகுதி இது. ஸ்ரீ கந்தசுவாமி கோவிலும், 1904-இல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமமும், 1894-இல் சிங்கள மக்கள் நிறுவிய பௌத்த மகா விகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. தோரண வாயிலும் வண்ண வளைவுகளும் 2010-இல் இப்பகுதியை லிட்டில் இந்தியாவாக அறிவித்தபோது வந்தவை. அந்த விழாவுக்கு அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தார்.

ஆனால் அலங்கார வளைவுகளைவிட, தெருவின் பெயர்ப்பலகையின் முன்னால் நான் எப்போதும் நிற்பேன். முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலையாக இருந்த அதன் பெயர் இன்று ஜாலான் துன் சம்பந்தன். 1919-இல் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்து, மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தனின் பெயர் அது. விடுதலைக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடியபோது, வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோன தொழிலாளர்களிடமே மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து, தோட்டங்களை அவர்களே வாங்கும்படி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். அச்சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிராப் வண்டியில் சற்று நேரத்தில் போய்விடலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான இடம் அன்று. வாசலில் இறங்கி, பெயரைப் படித்து, படம் ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பலாம். சங்கத்தில் பங்கு வைத்திருந்த தோட்டத்து ஆள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவரை எப்படியாவது அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். லயத்து வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பங்குத்தாள் சேர்ந்து சேர்ந்து எந்தக் கட்டடமாயிற்று என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நண்பகலில் வாழை இலைச் சாப்பாடு. எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை; கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் எந்தக் கடையில் அதிகமோ அங்கே உட்காருங்கள். கறி, மீன் ஆகியவற்றுக்குத் தனி விலை என்பதால், இலையில் வைக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. மாலை கட்டும் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் துணிக்கடைகளும் வரிசையாக இருக்கின்றன. மலிவான துணி வேண்டுமென்றால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் போகலாம். ஆனால் அதற்கு இன்னொரு பிற்பகல் வேண்டும்.

விலங்குக் காட்சி சாலை, நீர்வாழ் உயிரினக் காட்சியகம், தியான் ஹோ கோவில், புக்கிட் பிந்தாங் கடைத்தெரு ஆகியவற்றை நான் இந்த இரண்டு நாளுக்குள் சேர்க்கவில்லை. அவை பார்க்கத் தகாதவை அல்ல. அவற்றைத் திணித்தால் செட்டித் தெருவிலும் நினைவுச்சின்னத்திலும் நிற்க நேரம் இராது. நகர மையத்தில் ஓடும் கோ கேஎல் பேருந்துகளில் மலேசியர்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நடக்க முடியாதவர்களோடு போகும்போது அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நெரிசல் நேரத்தில் மட்டும் அவற்றை நம்பிப் புறப்பட வேண்டாம்.

ரயில் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே சென்ட்ரலுக்கு வந்துவிடுங்கள். அது பெரிய நிலையம். இடிஎஸ் ஏறும் வாயிலைக் கண்டுபிடிக்கவே நேரமாகும், புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடியும் விடுவார்கள். வழியில் சாப்பிட எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டில் இரவில் இறங்குகிறவர்களுக்கு நிலையத்து வாசலில் வண்டி கிடைப்பது அரிது. தோட்டத்துக்குள் போக வேண்டியிருந்தால், அழைத்துப் போக வருகிறவரிடம் எந்த ரயில், எத்தனை மணி என்பதைக் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள்.